தாழ்ப்பாள் இல்லாத நாலு வீடுகள்

ஆகஸ்ட் 3

அத்தைக்கு,

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். உங்களுக்கு அது கைவந்த கலை.

ஜூன் 12, வியாழன், பிற்பகல் மூன்று மணி. உங்கள் வாசல். சாவி உள்ளே போனது. பூட்டின் நாக்கு இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. தள்ளினேன். கதவு நின்றது. பூட்டினேன், திறந்தேன், தள்ளினேன். மூன்று முறை. ஒரு தடவை "அத்தை" என்று கூப்பிட்டேன். பிறகு பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா வந்து கூட்டிப் போகும்வரை எத்தனை பேருந்து போனது என்று தெரியாது.

கல்லூரி விடுதிக்கு வந்து ஒரு மாதம். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல். அறைத்தோழி காலை ஐந்து மணிக்கே ஈரத்தலையோடு வருகிறாள். எல்லாரும் அவளை நீச்சல்காரி என்கிறார்கள். நேற்று என் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினாள்.

"என்னடி இது, ஜெயில் வார்டன் மாதிரி?"

"நாலு வீட்டுச் சாவி."

"நாலு வீடா! அவ்ளோ பெரிய கையா நீங்க?"

சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பதினேழு முடிந்தால் சாவி நாள். எங்கள் வீடு, அத்தை வீடு, சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு. நாலு வீடும் வாசல் சாவிக்கு ஒரு நகல் வெட்டி வைத்திருக்கும். கூட்டமாக வீடு வீடாகப் போவோம். பிள்ளை தன் கையால் கதவைத் திறந்தால் எல்லாரும் கைதட்டுவோம். உள்ளே போனதும் அந்த வீட்டுப் பெரியவரின் காதில் ஒரு சொல் வைக்க வேண்டும். வேறு யாரிடமும் சொல்லாத ஒன்று. அது அந்த வீட்டைத் தாண்டாது. அன்றிலிருந்து எந்த நேரமும், எந்த வீட்டுக்கும், சொல்லாமல் வரலாம். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் எங்கள் கதவுகளில் உள்தாழ்ப்பாள் கிடையாது. கழற்றிய இடத்தில் நாலு ஸ்க்ரூ ஓட்டை மட்டும் இருக்கும்.

நீச்சல்காரி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்போ ஏன் இந்த ஒரு சாவிய மட்டும் தனியா கட்டி வச்சிருக்க?"

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஜூன் 12 அன்று கடற்பயிற்சிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. குடும்பத்தாரின் எழுத்து மூலமான வேண்டுகோளின்படி எனக்கு ஒதுக்கிய இடம் ரத்து. மூன்றே வரி. குடும்பத்தார் என்றால் அப்பாதான், வேறு யார்? விண்ணப்பத்தில் பாதுகாவலராக நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பெற்றவர் ஒரு வரி எழுதினால் போதுமே. பள்ளியிலிருந்து வந்த ஏதோ ஓர் உறை அவர் கையில் சிக்கியிருக்கிறது. பஸ் டிப்போவிலிருந்து மதியம் சாப்பிட வந்தவரை, அம்மா முன்னால், தங்கை முன்னால், திருடன் என்றேன். சீருடைப் பொத்தானில் வைத்த கை அப்படியே நின்றது.

சாவி நாளன்று "இனிமே உன் வழி உனக்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்ன மனிதர்.

நாலு வீட்டில் எனக்கு அன்று போக ஒரு வீடுதான் இருந்தது. நான் கடலுக்குப் போகப்போகிறேன் என்ற சொல் வைத்த வீடு.

ஏன் திறக்கவில்லை?

கொக்கு


ஆகஸ்ட் 11

அன்புள்ள கொக்கு,

அடியே, ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, எழுதினால் எடுத்த எடுப்பில் கோர்ட் சம்மன் மாதிரியா எழுதுவது? நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரி போட்டால் உன் பேனா மை குறைந்துவிடுமா? கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவில் வைத்துப் படித்தேன். ஒரு பாட்டியம்மாவின் மூக்குக்கண்ணாடி பிரேமையே உடைக்க இருந்தேன். முதலாளி ஒரு மாதிரி பார்க்கிறார்.

கதவு விஷயம். அது பழைய மரம், கண்ணு. ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும். உங்க மாமாவே லாரியிலிருந்து இறங்கி வந்தால் தோளால் ஒரு இடி இடித்துத்தான் உள்ளே வருவார். "என் வீட்டுக்குள்ள வர நான் மல்யுத்தம் பண்ணணுமா" என்பார். நீ ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்துகொண்டு தள்ளினால் அது எங்கே அசையும்? நான் அந்த நேரம் கடையில் இருந்திருப்பேன். லென்ஸ் தேய்க்கிற மெஷின் ஓடும்போது எனக்கு உலகமே கேட்காது, உனக்குத் தெரியும்.

இதற்குப் போய் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஆசாரியைக் கூப்பிட்டு அடியில் கொஞ்சம் இழைக்கச் சொல்கிறேன்.

அண்ணன் விஷயத்தில் நான் என்ன சொல்ல? அவர் மனதில் என்ன இருந்ததோ. அப்பா மேல் கோபப்படாதே என்றும் சொல்ல மாட்டேன், படு என்றும் சொல்ல மாட்டேன். தென்னை மரத்துக்கும் பனை மரத்துக்கும் நடுவில் நிற்கிறவள் நான். எது விழுந்தாலும் என் தலையில்.

வியாழக்கிழமைகளில் வீடு ஹோவென்று இருக்கிறது. சரியாகச் சாப்பிடு.

அத்தை


ஆகஸ்ட் 20

அத்தைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஜூன் 12க்கு முன்னால் நாலு மாதம் மழை இல்லை. தெருக்குழாயில் வரிசை நின்றது. உங்கள் வீட்டுக் குடத்தை நானே இரண்டு வியாழன் தூக்கி வந்தேன்.

வியாழன் உங்களுக்கு விடுமுறை. அதனால்தான் நான் வியாழன்தோறும் வந்தேன். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. நீங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு, சாவிச் சத்தம் கேட்டதும், "யாருடி அது, என் வீட்டுக்குள்ள அனுமதி இல்லாம?" என்று அதட்டுவீர்கள். "திருடி," என்பேன் நான். "எடுத்துக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, டீயாவது போட்டுக் குடு," என்பீர்கள்.

இன்னொன்று. முதல் கடிதத்தில் எழுதவில்லை. முதல் தடவை தள்ளியபோது கதவு ஒரு விரல் அளவு உள்ளே போனது. பிறகு திரும்பி வந்தது.

மரம் அப்படித் திரும்பி வராது.

இரண்டு மாதமாக உள்ளங்கையில் இருக்கிறது அது. வகுப்பில் குறிப்பெடுக்கும்போது, குழாயைத் திறக்கும்போது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிற ஏதோ ஒன்று இருந்தது.

ஆசாரியைக் கூப்பிடாதீர்கள். பாவம் அவர்.

யார் நின்றது?


செப்டம்பர் 29

என் கொக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நான்தான்.

தாழ்ப்பாள் இருந்திருந்தால் தாழ்ப்பாள் போட்டிருப்பேன். நம் வீட்டில்தான் அது கிடையாதே. முதுகைக் கொடுத்தேன். கதவில் முதுகைச் சாய்த்து, காலை எதிர்ச்சுவரில் ஊன்றி. அந்த நடை எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும். நீ தள்ளிய மூன்று தடவையும் என் முதுகெலும்பில் எண்ணினேன். நீ "அத்தை" என்றபோது வாயில் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பாய். உங்க அப்பா போன் செய்தார். நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால். "அவ அங்கதான் வருவா. திறக்காத. திறந்தா நீ எனக்குத் தங்கச்சி இல்ல," என்றார். அண்ணன் குரலை உயர்த்தினால் நான் இன்றைக்கும் எட்டு வயதுப் பிள்ளைதான். என்ன செய்வது. புத்தி கெட்டுப்போய் நின்றேன்.

இதை அவரிடம் கேட்காதே, கண்ணு. கேட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பதும் போய்விடும். எனக்கு இருப்பது ஒரே கூடப்பிறந்தவர் மாதிரி. சித்தப்பாவும் பெரியம்மாவும் வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பவர்கள்.

என்னைத் திட்டு. நன்றாகத் திட்டி ஒரு கடிதம் எழுது. திட்டாமல் இருந்தால்தான் பயமாக இருக்கிறது.

உன் அத்தை


அக்டோபர் 7

அத்தைக்கு,

திட்ட வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது நிம்மதி. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நிம்மதி. நீங்கள் பயந்தீர்கள், அவ்வளவுதான். பயம் புரிகிறது எனக்கு. ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆளுக்குப் பயந்து நின்றிருக்கிறோம்.

அப்பாவிடம் கேட்க மாட்டேன். அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்கு போன் செய்கிறார். வார்டன் மாடிக்கு ஆள் அனுப்புவார். "குளிக்கிறேன்னு சொல்லுங்க." போன வாரம் வார்டனே கேட்டார்: "ஏம்மா, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குளிப்பியா?" அவர் அனுப்பிய போர்வையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். இங்கே குளிர்தான். நீச்சல்காரியின் துண்டை மேலே போட்டுக்கொள்கிறேன்.

விடுமுறைக்கு வரவில்லை.

பள்ளிக்கு எழுதியிருக்கிறேன். அப்பா எழுதிய அந்தக் கடிதத்தின் நகல் கேட்டு. அடுத்த சேர்க்கை ஜூனில். பிப்ரவரியில் எனக்குப் பதினெட்டு நிறைகிறது. நிறைந்தால் எடுக்க மாட்டார்கள். அதனால் நகலால் இனி ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் வேண்டும். என்ன வார்த்தைகளைப் போட்டு என்னைத் தடுத்தார் என்று பார்க்க வேண்டும். என் மகள் என்று எழுதியிருப்பாரா? இந்தப் பெண் என்றா? மார்ச்சில் தங்கையின் சாவி நாள். எல்லாரும் கைதட்டும்போது அவர் கையில் கொடுத்து, உரக்கப் படியுங்கள் என்பேன்.

உங்கள் பெயர் வராது. பயப்படாதீர்கள்.

கொக்கு


நவம்பர் 16

அன்புள்ள கொக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கடையில் வேலை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்தியிருக்கிறார்கள், நானூறு கண்ணாடி. வலக்கண், இடக்கண், வலக்கண், இடக்கண் என்று தூக்கத்தில்கூட உளறுகிறேனாம். மாமா சொல்கிறார்.

நகல் எதற்கடி? நடந்தது நடந்துவிட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. பிள்ளைக்குச் சாவி கொடுக்கிற நாளில் பெற்றவரைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தினால், பார்க்கிறவர்கள் உன்னைத்தான் சொல்வார்கள். அந்தப் பள்ளிக்கு, வேண்டாம் விட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடு.

உங்க அப்பாவைப் போன வாரம் பார்த்தேன். இளைத்துவிட்டார். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் நாலு விரல் விடலாம். திருப்பி அனுப்பிய போர்வையை அவரே போர்த்திக்கொள்கிறாராம். உங்க அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் அது சிரிப்பு இல்லை.

கொஞ்சம் இறங்கி வா. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது குளிக்காமல் இரு.

மார்ச் 9 வாலுவின் சாவி நாள். உன் தங்கைக்கு இப்போதே கால் தரையில் இல்லை. நாலு வீட்டுக்கும் சாவி வெட்டியாயிற்றா என்று தினம் விசாரணை. போன தடவை சாவி வாங்கியவர்தான் அடுத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நீ வராமல் நடக்காது. அப்பாவுக்காக வேண்டாம். அவளுக்காக வா.

அத்தை


டிசம்பர் 12

அத்தைக்கு,

என்னைக் கொக்கு என்று கூப்பிட வேண்டாம்.

நகல் வந்துவிட்டது. ஒரு பக்கம்தான். அவர்கள் கவனமாக இரண்டு பக்கத்தையும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முன்பக்கம் கடிதம். பின்பக்கம் கட்டங்கள். மேலே வலக்கண், கீழே இடக்கண். பவர் எழுத வேண்டிய இடமெல்லாம் காலி.

உங்கள் கடைச் சீட்டு.

முதலில் சிரிப்பு வந்தது. அப்பா ஏன் அத்தை கடைத் தாளில் எழுதினார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மூளை எவ்வளவு நல்ல வேலைக்காரி பாருங்கள், வீட்டை எரிய விடாமல் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றுகிறது. பிறகு கையெழுத்தைப் பார்த்தேன். எட்டு மாதமாக நான் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கும் கடிதங்களின் கையெழுத்து. இல்லை, நாலு மாதம். எண்ணக்கூட வரவில்லை.

"எங்கள் பெண்ணுக்கு உடல்நிலை இடம் கொடுக்காது. அவளாக உங்களுக்குச் சொல்ல மாட்டாள். பாதுகாவலர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்."

எங்கள் பெண்.

மே 16 என்று தேதி. வெள்ளிக்கிழமை. இடம் கிடைத்துவிட்டது என்று நான் உங்கள் வீட்டு நடையில் குதித்தது மே 15. கீழ்வீட்டுக்காரர் கழியால் கூரையைத் தட்டினார். நீங்கள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் கேப்டன்," என்றீர்கள். அந்தக் கைகளில் லென்ஸ் தூள் இருந்தது. நான் துடைக்காமல் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள்.

அப்பா போன் செய்தார் என்று எழுதினீர்கள். நான் அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை இரண்டு மாதத்துக்கு மேல் மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தேன்.

இனி கேள்வி எதுவும் கேட்கவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். பழமொழி வேண்டாம்.


ஜனவரி 5

உன்னை எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் ஆரம்பித்துவிடுகிறேன்.

செப்டம்பரில் எழுதியதில் முதுகு நிஜம். போன் பொய். அண்ணன் போன் செய்யவில்லை. அவருக்கு அன்று எதுவுமே தெரியாது.

சாவி நாளில் நீ என் காதில் சொன்னாய், மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை நீட்டினாய். கையெழுத்துப் போட்டேன். கிடைக்காது என்று நினைத்துத்தான் போட்டேன். ஆயிரம் பேர் போடுவார்கள், கிடைக்காது, நீ இரண்டு நாள் அழுவாய், நான்தான் உனக்காகக் கையெழுத்துப் போட்டவள் என்ற பெயர் மட்டும் எனக்கு மிஞ்சும். இதை எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எழுதுகிறேன்.

பிறகு நீ வர ஆரம்பித்தாய். நாலு வீட்டுச் சாவி வைத்திருந்த பிள்ளை என் வீட்டுக்குத்தான் வந்தாய். மாமா போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். மணி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்: பால், தபால், மீட்டர். சாவி போட்டுத் திறக்கிற ஆள் நீ ஒருத்திதான். புதன்கிழமையே எனக்கு வியாழன் ஆரம்பித்துவிடும். நீ போன பிறகு இரண்டு கோப்பையையும் கழுவாமல் ஒரு நாள் வைத்திருப்பேன். யாரிடமும் சொன்னதில்லை.

மே 15 நீ குதித்தாய். நானும் சந்தோஷப்பட்டேன். அது நடிப்பு இல்லை. அடுத்த நாள் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து, கண்ணாடி எப்போது தயாராகும் என்று கேட்டாள். வியாழன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரே பவரை இரண்டு கண்ணுக்கும் வெட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. டீ குடிக்கிற நேரத்தில், மேஜையில் இருந்த சீட்டைக் கிழித்து எழுதினேன். பத்து நிமிஷம். தபால் பெட்டி கடைக்கு எதிரிலேயே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால் நடக்கும்போது புத்தி வந்திருக்கும்.

நீ ஒரு வாரம் அழுவாய், அடுத்த வியாழன் வருவாய். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

ஜூன் 12 ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் தாளைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாய். தெரிந்துவிட்டது, சண்டைக்கு வருகிறாய் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. நீ என்னிடம் ஒதுங்க வந்தாய் என்று எனக்குத் தெரியாது. அது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது, அண்ணன் வந்தபோது.

"இங்க வந்தாளா? என்னைத் திருடன்னு சொல்லிட்டு ஓடிட்டா. அப்புறம் அவங்க அம்மா போய்க் கூட்டிட்டு வந்தா. எந்த லெட்டர், என்ன ஸ்கூல், எனக்கு ஒண்ணுமே புரியல. உனக்கு ஏதாவது தெரியுமா?"

சொன்னேன். எல்லாவற்றையும். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டார். குடித்தார். "அவகிட்ட நீ சொல்லாத. நான் பாத்துக்கறேன்," என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார். நான் அதற்குப் பிறகும் அவர் மேலேயே இன்னொரு பொய்யை ஏற்றினேன். போன் செய்தார், மிரட்டினார் என்று. அது அவருக்கு இன்னும் தெரியாது.

மன்னித்துவிடு என்று எழுதினால் அதுவும் உன்னிடம் ஒன்று கேட்பதாகிவிடும். கேட்கவில்லை.

மார்ச் 9க்கு மட்டும் வா.

அத்தை


பிப்ரவரி 24

அத்தைக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். நான் வந்து மூன்று நாள். உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பேருந்து உங்கள் தெருமுனையில் நின்றது. இறங்கவில்லை.

முதல் நாள் டிப்போவுக்குப் போனேன். அப்பாவின் கண்ணாடிக் கூண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் உட்கார, ஒரு ஆள் நிற்க இடம். நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வந்த பேருந்தைப் பார்த்தார்.

"ஏம்பா சொல்லல?"

"பதினேழாம் நம்பர் நாலு நிமிஷம் லேட்டு," என்று நோட்டில் எழுதினார்.

"அப்பா."

"என்னைத் திட்டினா என்ன ஆகும்? நான் அப்பாதான். நாளைக்கும் அப்பாதான். எங்க போயிடப் போறேன்? அவள ஒரு வார்த்தை சொல்லிட்டு நீ போயிட்டா, அதோட போச்சு. அவ வீட்டுக்கு வேற யாரு போறா?"

"அப்போ எனக்கு?"

பேனா நின்றது. நல்ல கேள்வி என்பது போல யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த பேருந்து வந்துவிட்டது. இறங்கி, ஓட்டுநரிடம் ஏதோ கேட்டு, திரும்பி வந்து நேரம் எழுதினார். காதோரம் வியர்த்திருந்தது. நீங்கள் சொன்னது சரி, நாலு விரல் விடலாம். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி," என்றார். கேட்டு முடிக்க விடவில்லை. இரண்டு பேரும் ஒரே பேருந்தில் வீட்டுக்கு வந்தோம், வேறு வேறு இருக்கையில்.

அவர்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. இதை அவரிடம் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன். வேடிக்கைதான். நீங்கள் இருவரும் ஆறு மாதம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் தவறான ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன், சரியான ஆளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் உங்களைக் காப்பாற்றினார். அது அன்புதான், எனக்குத் தெரிகிறது. அந்த அன்பு என்னைத் தாண்டிப் போனது.

உங்கள் வியாழன்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். நானும் அப்படித்தான் காத்திருந்தேன். கப்பலிலிருந்து வியாழன்தோறும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒரு நோட்டு வாங்கி வைத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போன வாரம் பதினெட்டு நிறைந்தது.

நேற்று தங்கை என் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. விரலை மடக்கிக்கொண்டு திட்டம் போட்டாள்.

"சித்தப்பா காதுல, அவரோட சைக்கிள வாய்க்கால்ல தள்ளினது நான்தான்னு. பெரியம்மா காதுல, அவங்க பாடினா நான் காதுல பஞ்சு வச்சுப்பேன்னு. அப்பாவுக்கு இன்னும் யோசிக்கல. அக்கா, அத்தைக்கு மட்டும் நிஜமா ஒண்ணு வச்சிருக்கேன். பெரிசு. ரெண்டு வருஷமா வச்சிருக்கேன்."

"அத்தைகிட்ட ஏன்?"

"அத்தைன்னா வெளிய போகாதுல்ல."

அது என்ன என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது அல்லவா.

"அத்தைகிட்ட வேற ஏதாவது சொல்லு," என்றேன்.

"வேறன்னா?"

"பொய்யா ஒண்ணு. நம்புற மாதிரி."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். என்ன என்று தெரியவில்லை.

"அப்போ நிஜத்த யார்கிட்டக்கா சொல்றது?"

விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டேன்.

மார்ச் 9 வருகிறோம். உங்கள் வாசலில் அவள் பக்கத்தில் நிற்பேன். அவள் திறப்பாள், நானும் கைதட்டுவேன். உள்ளே வந்து, எக்கி நின்று, உங்கள் காதில் ஏதோ சொல்வாள். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள்.

அது பொய். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.